ஆர்டிஸ் கொடுத்த மண்டி

ஏமோஸ் ஹூடாக்கின் இடது தோள் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. பகலெல்லாம் தார் பூசிய கூரைத் தகட்டுக் கட்டுகளை ஏணியில் சுமந்து ஏற்றிய தோள். வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. கராஜில் அதே கையால் பீருக்காக மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லிச் சாறு, காய்ச்சி இறக்கினான்.

அமெரிக்காவின் வட கோடியில் இருக்கும் டுலூத்தில் பனி கொட்டத் தொடங்கினால் கூரை வேலைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் கடைசி நாளில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு யாராவது ஒருவன் ஸ்ட்ராங் பீர் காய்ச்சிக் கொடுப்பது முறை. போன வருஷம் ஏமோஸ் காய்ச்சினான். சர்க்கரையைத் தின்று போதையாக்க வேண்டிய ஈஸ்ட் பாதி வேலையில் படுத்துவிட்டது. பீர் தித்தித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் 'இருமல் மருந்து'. அந்தப் பெயரை அழிக்கத்தான் இந்த வருஷம் இன்னொருவன் முறையைக் கெஞ்சி வாங்கியிருந்தான்.

சாறு ஆறிக்கொண்டிருந்தது. எந்த ஈஸ்டைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

"ஷாம்பெயின் ஈஸ்டப் போடுங்க மாமா. எவ்வளவு போதை ஏறினாலும் அது சாகாது," என்றான் மைத்துனன் ரூடி.

"சாகாதுடா, வேலையும் செய்யாது. பழச்சாறு குடிச்சு வளந்தது அது. மால்ட்டுல இருக்கிற முரட்டுச் சக்கரையக் கடிக்க அதுக்குப் பல்லு கிடையாது. போன வருஷம் கடைசில அதையுந்தான் கொட்டிப் பாத்தேன்."

"அப்ப போன வருஷம் மொதல்ல போட்ட அந்த இங்கிலீஷ் ஈஸ்ட் பாக்கெட்டா?"

"அந்தத் தூங்குமூஞ்சிய இனி தொடவே மாட்டேன்."

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அன்றுதான் தன் லேசான பீரைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். வாளியின் அடியில் பிள்ளை குட்டியோடு பெருகிய ஈஸ்ட் மண்டி கிடக்கும். ஆனால் கோடை முழுக்க அவள் பீரைத் 'தண்ணி' என்று கேலி பண்ணியவன் ஏமோஸ். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போய் நின்றான்.

"என்ன ஹூடாக், தண்ணி குடிக்க வந்தியா?"

"அடில கெடக்கிற மண்டி வேணும்."

"ஓகோ! பீரு தண்ணி, மண்டி மட்டும் தங்கமா?"

"தங்கந்தான் தாயே. நான் தோத்தேன், போதுமா?"

"அப்படி வா வழிக்கு. மொதல்ல அந்தத் தார்க் கையக் கழுவு. மண்டில இருக்கிற எம் புள்ளைங்களுக்கு நோவு வந்துரும்."

ஜாடி நிறைய வாங்கி வந்து சாற்றில் கவிழ்த்தான். விடிவதற்குள் நுரை மூடியைத் தூக்கி எறிந்து கராஜ் கூரையில் அப்பியிருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டே ஏமோஸ் சீட்டியடித்தான்.

நவம்பர் கடைசியில் பனி இறங்கியது. மேஸ்திரி லிண்ட்க்விஸ்ட் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தையும் ஒரே மடக்கில் முடித்தார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து, ஏமோஸ்."

சொந்தப் பெயர் திரும்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தன் வாளியின் மண்டியை வழித்து ஜாடியில் நிரப்பி ஆர்டிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"இதுங்க உன் ஸ்ட்ராங் பீருல மாடா ஒழைச்சு ஓஞ்சதுங்கப்பா. இத வச்சு நான் என்னத்தக் காய்ச்ச? லேசா ஒரு பீரு காய்ச்சி, அதுலருந்து இளசா மண்டி கொண்டா."

"எப்ப வேணும்?"

"பனி உருகறதுக்குள்ள."

ஏமோஸ் ஆர்டிஸுக்கு இன்னும் ஒரு ஜாடி உயிருள்ள ஈஸ்ட் கடன்.