தொட்டிக்கு அஜீரணம்

புரட்டாசி முழுக்க மீன் மார்க்கெட்டில் எல்லோரும் ஈ ஓட்டினார்கள். ஓட்டுவதற்கு ஈயும் சரியாக வரவில்லை. மயிலாப்பூரும் மந்தைவெளியும் கத்தரிக்காயோடு குடும்பம் நடத்திய அந்த மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரத்து மார்க்கெட்டின் பின்பக்கம் நாகராஜின் தொட்டியும் பட்டினி கிடந்தது. காற்றுப் புகாத தொட்டி அது. மீன் கழிவையும் சாணியையும் கரைத்து ஊற்றினால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு எரிவாயு விடும். மீன்காரப் பெண்கள் முப்பது பேருக்கும் அதில்தான் டீ. தொட்டியைக் கவனிப்பதும் டீ போடுவதும் நாகராஜின் உத்தியோகம். ஆனால் சாணி தந்த பால்காரர் மாடுகளை விற்றுவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது.

ஐப்பசி முதல் ஞாயிறு ஊரே மீனுக்குப் பாய்ந்தது. குடலும் செதிலும் தலையும் கூடை கூடையாகக் குவிந்தன. "பாவம், ஒரு மாசமா பட்னி," என்று நாகராஜ் அத்தனையையும் அரைத்து உள்ளே தள்ளினான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் அப்படி ஊட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை அடுப்பு அணைந்தது. வாயு வந்தது, பற்றத்தான் இல்லை. நாற்றம் மட்டும் பக்கத்து அடுக்குமாடியில் லிஃப்ட் இல்லாமலே ஏழாம் மாடி ஏறியது. மாநகராட்சிக்குப் புகார் போய், பொறியாளர் வந்தார்.

"அடுத்த புதன்கிழமை வருவேன். எரியலைன்னா தொட்டியைப் பிரிச்சு எடுத்துடுவோம்."

தொட்டி போனால் நாகராஜும் போக வேண்டியதுதான். பதறியவன் செய்த முதல் காரியம், இன்னும் இரண்டு கூடை மீன் கழிவைத் தூக்கியது.

"இன்னா நைனா, மூள கீதா உனக்கு?" வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த சுலோச்சனா கத்தியை நீட்டினாள். "விரதம் முட்ச்ச வயித்துல எட்த்தவொடனே தலக்கறிய கொட்னா தாங்குமா? மீன நிறுத்து. சாணி ஊத்து."

மயிலாப்பூரில் நான்கு மாடு வைத்திருந்த நீரஜா மாமி, அவன் வந்து நின்றதுமே புடவைத் தலைப்பால் மூக்கை மூடினாள். இத்தனைக்கும் இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்திருந்தான். சாணி கேட்டான்.

"எங்காத்து மாட்டுச் சாணியை மீனோட கரைக்கப் போறியா? நன்னாருக்கு!"

"ஒடம்பு சரியில்ல மாமி."

"யாருக்கு?"

"தொட்டிக்கு. எதுவும் செரிக்கல. ஒரே புளிச்ச ஏப்பம்."

மாமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எடுத்துண்டு போ. ஆனா என் சாணி போற எடத்துல ஒரு செதில்கூட போகப்படாது. சத்தியம் பண்ணு."

மீன் மார்க்கெட் ஊழியன் மாட்டின் முதுகில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அந்த வாரம் கழிவெல்லாம் குப்பை லாரியில் போனது. சாணிக் கரைசல் மட்டும், கஞ்சி மாதிரி, வேளைக்குக் கொஞ்சம்.

புதன் காலை, பொறியாளர் முன்னால் நாகராஜ் உரசிய இரண்டு தீக்குச்சியும் அணைந்தன. மூன்றாவதைச் சுலோச்சனா பிடுங்கி உரசினாள். அடுப்பு நீலமாகப் பிடித்துக்கொண்டது. பொறியாளர் டீ குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார்.

மறுநாள் நாகராஜ் மாமியின் முன்னால் வெறுங்கூடையோடு தலையைச் சொறிந்தான்.

"எரிஞ்சுதோ?"

"எரிஞ்சுது மாமி. ஆனா... இனிமே மீனும் போடணும். அதுக்குன்னுதான் தொட்டியே கட்னாங்க. உங்ககிட்ட மறச்சு செய்ய மனசு வரல."

மாமி அவன் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கூடை நிறைந்திருந்தது.

"இன்னிக்கே மீனை நெறையப் போட்டுடாதே," என்றாள். "இப்பத்தான் எழுந்து உக்காந்துண்டிருக்கு."