பூதத்தான் மாட்டிக் கொடுத்த தோல்

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். முப்பத்தொரு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, தேவன் இட்ட பத்துக் கற்பனைகளையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கற்பனையில் தடுமாறியவனுக்கு மட்டும் ஒரு பிரம்படி கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். இதை வாசித்துவிட்டு நம்பாதவர்கள் இருந்தால், அது அவர்கள் ஆத்துமாவின் பாடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். மலையடிவாரத்தில் ஏதோ ஒரு யந்திரத்தைப் பூட்டுவதற்காக விட்டேக்கர் என்று ஓர் அமெரிக்கர் வந்திருந்தார். ஊரார் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் அவர் 'வெட்டுக்கார துரை' ஆகிவிட்டார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க என்னை அமர்த்தினார்கள். ஒரு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் மூன்று சொல். நான் அவரிடம் கற்றுக்கொண்டது பாஞ்சோ.

பாஞ்சோ என்பது வட்டமான மரவளையத்தில் தோலை இறுக்கிக் கட்டி, நீளமாக ஒரு கழுத்து வைத்த வாத்தியம். பார்வைக்குச் சின்ன மகுடப் பறையில் தந்தி பூட்டினது போலிருக்கும். தந்தி ஐந்து. ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் பாதியிலிருந்தே புறப்படும். தச்சன் பிசகு என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து என்றதும் ஊரார் அதற்குப் 'பாஞ்சாலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

துரை வாசிக்கிற முறை வீணைக்காரர்கள் யாரும் கண்டிராதது. தந்தியை மேல்நோக்கிச் சுண்டவே கூடாது. கையைக் கோழிக்கால் மாதிரி மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நகத்தால் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். விரல் அசையக்கூடாது, மணிக்கட்டுதான் அசையலாம். அடித்த கை கீழே இறங்கும்போது கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கை எழும்போது அதை மீட்டிவிடும். ஒரு சுரத்துக்கு ஓர் அடி, அப்புறம் எல்லாத் தந்திக்குமாக ஓர் உரசல், உடனே கட்டைவிரல். தொம், தக்க. தொம், தக்க. அவ்வளவுதான் வித்தை. துரை என் கையைப் பிடித்து நாற்காலி முதுகில் அடித்துக் காட்டினார். தனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் ஒன்றைச் செலவழித்து, "தட்டு" என்றார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. திறக்கிறது யார் என்று அவர் சொல்லவில்லை.

அது கைக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அப்புறம் காய்ச்சல் கண்டு துரை ஊருக்குக் கப்பலேறினார். பாஞ்சாலியை எனக்கே விட்டுப்போனார்.

அந்தக் கார்த்திகை மழையில் தோல் ஊறித் தொங்கி, பிறகு அடித்த வெயிலில் நடுவே கிழிந்துவிட்டது. தைப் பொங்கல் கழிந்ததும் எங்கள் சபையில் அசனம். ஊர் முழுவதும் வேதக்கோயில் வளவில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. நான் வாசிப்பதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். புதுத் தோலுக்கு எங்கே போவது? ஆற்றுக்கு அக்கரையில் பூதத்தான் இருந்தான். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாக்களில் மகுடம் அடிக்கிறவன். அவன் பாஞ்சாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பரணில் இருந்து ஒரு தோலை எடுத்து நனைத்து இழுத்துக் கட்டினான். நான் தொம் தக்க என்று நாலு அடி அடித்துப் பார்த்தேன். கணீரென்று இருந்தது.

பூதத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வாத்தியாரே, இந்த அடியை எங்கன படிச்சீரு?"

"அமெரிக்காவில உள்ளது."

"அமெரிக்காவோ என்னமோ. நாங்க மாடனை வரச்சொல்லி அடிக்கது இதான் வே. தோலும் அவருக்கு நேர்ந்து வச்ச தோலு. நீரு கீர்த்தனை எல்லாம் பைய வாசியும். இந்த அடி மட்டும் வேண்டாம்."

நான் சிரித்தேன். மூன்று தலைமுறையாக வேதக்காரன். மாடனுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

அசனத்தன்று உச்சிப்பொழுது. வளவில் எண்ணூறு பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்க, நான் ஒரு கீர்த்தனையைத் தொம் தக்கவில் ஏற்றினேன். இரண்டாம் சரணத்தில் காக்காய்கள் கத்துவதை நிறுத்தின. மூன்றாம் சரணத்தில் என் மாமனார் அப்பாத்துரை, சபையின் மூப்பர், பேய் பிசாசு என்று வாய்திறப்பவனைச் சபையைவிட்டே விலக்குகிறவர், இலைக்கு முன்னால் சம்மணம் போட்டபடியே ஒரு முழ உயரம் எழும்பினார். எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பினார். கண் இரண்டும் மேலே செருகிவிட்டன. என்னைப் பார்த்து ஓங்கிக் கத்தினார்.

"ஏலே! தட்டினது நீதானலே?"

மாப்பிள்ளையை அவர் ஒருநாளும் 'லே' போட்டுப் பேசினது கிடையாது.

"ஆத்துக்கு அக்கரையில நிக்கேன். வந்துக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை உச்சிக்கு வாரேன். தட்டின கை எனக்கு வேணும்லே!"

நான் பாஞ்சாலியைக் கீழே போட்டேன். மாமனாரும் பொத்தென்று விழுந்தார். எழுந்தவருக்கு ஒன்றும் நினைவில்லை. "என்ன எல்லாரும் பார்க்கிய? சாம்பாரை ஊத்துங்க" என்றார். குருவானவர் அதைப் பித்தம் என்று சபைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அன்று திங்கள்கிழமை.

செவ்வாய் காலையில் பார்த்தால், அரிசி அளவுக்கு வைத்திருந்த என் ஆள்காட்டி நகம் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. வெட்டினேன். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் மறுபடி அதே அளவு. கரும்பலகையில் கணக்கு எழுத எடுத்த சுண்ணாம்புக்கட்டி, எழுதவில்லை, தட்டியது. தொம், தக்க. நான் தட்டவில்லை. கை தட்டியது. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் நாலு பேருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியில், ஆற்றோரத்து வயலில், நாற்று நட்ட சேற்றில் ஒரு கால்தடம் இருந்தது. மூன்று சாண் நீளம். நான் என் செருப்பைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்ததால் சொல்கிறேன்.

புதன்கிழமை கையைத் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அது என் விலா எலும்பில் தட்டியது. பாஞ்சாலியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். உச்சிவேளையானதும் பெட்டிக்குள்ளிருந்து அந்தக் குட்டைத் தந்தி மட்டும் என் விலாவுக்குப் பதில் சொன்னது. கால்தடம் களத்துமேட்டுக்கு வந்துவிட்டது.

என் மனைவி ஹெப்சிபா களத்துமேடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து, அடுப்பில் கிடந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"யானையா இருக்குமோன்னு பாத்தேன். யானைக்குப் பெருவிரல் கிடையாதுல்லா."

"ஹெப்சிபா, எனக்குப் பயமா இருக்கு."

"கையைப் போக்கிட்டு வந்து நிக்காதிய. ஒரு கையோட உங்களுக்கு யாரு வாத்தியார் உத்தியோகம் குடுப்பா? விறகுதான் யாரு கீறுவா? போயி அந்தப் பூதத்தான்கிட்ட கேளுங்க. கோயில்ல யாருட்டயும் சொல்லாதிய. எங்க அப்பாகிட்ட சொல்லவே சொல்லாதிய."

வியாழக்கிழமை பூதத்தான் நான் சொன்னதை எல்லாம் கேட்டான். பிறகு தன் இடது முன்கையை நீட்டிக் காட்டினான். தழும்பு மேல் தழும்பாக ஏணிப்படி மாதிரி இருந்தது. மாடன் கொடையில் மகுடம் அடித்து அழைக்கிறவர்கள் தங்கள் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற வழக்கம் உண்டு, கைவெட்டு என்பார்கள். அதைத்தான் கேட்கிறார் என்றான்.

"எவ்வளவு குடுக்கணும்?"

"நாங்க மூணு சொட்டு குடுப்போம். மூணாம் நாள் ஆறிப்போகும். உம்மகிட்ட எவ்வளவு கேப்பாருன்னு தெரியல வே. நீரு வேதக்காரரு. உமக்கும் அவருக்கும் முன்னபின்ன பழக்கமில்லையே."

"தோலைக் கழட்டி ஆத்துல போட்டுட்டா?"

"போடலாம். ஆனா அவரு உம்ம வீட்டுக்கு வழி பாத்துக்கிட்டாருல்லா."

திரும்பி வரும்போது கால்தடம் எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் இருந்தது. பெருவிரல் வாசலைப் பார்த்திருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிக்குச் சற்று முன்னால், சுடுகாட்டுக்குப் பக்கத்தில் மாடனுடைய சுண்ணாம்புப் பீடத்தின் முன் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நான், பூதத்தான், வேண்டாம் என்று சொல்லியும் கூடவே வந்த ஹெப்சிபா. மிஷன் வாத்தியார் நிற்கிற இடமா அது என்று கேட்பீர்கள். கை என்னுடையது. பூதத்தான் சின்னக் கத்தி ஒன்றை எலுமிச்சம்பழத்தில் தேய்த்து வைத்துக்கொண்டான். ஏற்பாடு இதுதான்: நான் வாசிப்பேன், வழக்கம்போல மாடன் பூதத்தான் மேல் வருவார், எவ்வளவு என்று நான் கேட்பேன், மூன்று சொட்டில் பேசி முடிப்போம்.

துண்டை அவிழ்த்ததும் கை தானாகப் போய்த் தந்தியில் உட்கார்ந்தது. தொம், தக்க. என் வாழ்நாளில் அப்படி நான் வாசித்ததில்லை. துரைகூட வாசித்ததில்லை. கட்டைவிரல் குட்டைத் தந்தியிலிருந்து உள்தந்திகளுக்குள் இறங்கி இறங்கி ஏறியது. துரை மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் எனக்கு வராத வித்தை அது. இடது கை விரல்கள் தந்தியில் சுத்தியல் மாதிரி விழுந்தன. வேகம் கூடக் கூட, நிறுத்திவிடலாம் என்று நான் தோளிலிருந்து இழுத்துப் பார்த்தேன். தோள் வரைக்கும்தான் என்னுடையது. அதற்குக் கீழே வேறு யாருடையதோ.

ஆற்றுச் சத்தம் நின்றது. நிழல்கள் காலடிக்குள் போய்விட்டன. ஒவ்வொரு தொம்முக்கும் பின்னால் மணலில் ஒரு மிதி கேட்டது. முதலில் தூரத்தில், அப்புறம் பனைக்குப் பக்கத்தில், அப்புறம் என் முதுகுக்குப் பின்னால்.

நான் பூதத்தானைப் பார்த்தேன். அவன் ஆடவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தான், அது வேறு. கத்தி கையிலிருந்து நழுவியது.

"எம்மேல வரல வே!" என்றான். "வாத்தியாரே, எம்மேல வரல!"

என் வலதுபக்கத்தில் கண்ணாடி வளையல்கள் தொம் தக்க என்று குலுங்கின.

ஹெப்சிபாவின் கொண்டை அவிழ்ந்து முழங்கால் வரை தொங்கியது. ஊறுகாய் ஜாடி திறக்க என்னைக் கூப்பிடுகிறவள், என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் எலும்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கேளுலே" என்றாள். அவள் குரல் இல்லை. "எவ்வளவுன்னு கேளு."

"எ… எவ்வளவு?"

"சாமி!" என்று பூதத்தான் மணலில் விழுந்தான். "மூணு சொட்டு சாமி! மூணு சொட்டுதான் வழக்கம்!"

"வழக்கம் உனக்குலே. இவனுக்கும் எனக்கும் என்ன வழக்கம்? எதால தட்டினானோ அதைக் குடுத்துட்டுப் போகட்டும்."

என் ஆள்காட்டி விரலைப் பல்லுக்கிடையில் வைத்தாள். அந்த நேரத்திலும் விரல் நிற்கவில்லை. அவளுடைய கீழ்வரிசைப் பல்லில் தொம் என்று தட்டியது. தக்க என்று வருவதற்குள் அவள் வாயை மூடினாள்.

வலி இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வலியைவிடப் பெரிதாக ஒரு சத்தம் வந்தது. குட்டைத் தந்தி அறுந்த சத்தம். அவள் பீடத்தின் மேல் துப்பினாள். ஆறு மறுபடி ஓட ஆரம்பித்தது.

பூதத்தான் என் கையில் திருநீற்றை அப்பி வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினான். தலையைத் தூக்காமல், "நாப்பது வருஷம்… மூணு சொட்டுக்கு மேல கேட்டதே இல்ல" என்று மணலிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹெப்சிபா கொண்டையை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "ஏங்க, இங்கன நின்னு என்ன செய்யுதிய? உலையில அரிசி கிடக்கு" என்றாள். பிறகு கட்டைப் பார்த்தாள். "ஐயோ, கையில என்ன?"

அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கால்தடங்களைப் பார்த்தேன். குதிகால் எங்கள் வாசலைப் பார்த்தும், பெருவிரல் ஆற்றைப் பார்த்தும் திரும்பியிருந்தன. அன்றிலிருந்து என் கை எனக்கே சொந்தமாக இருக்கிறது, ஒரு விரல் நீங்கலாக.

உள்ளபடி சொன்னால், அந்த விரலைக் கரும்பு ஆலையின் உருளை இழுத்துத் துண்டித்தபோது எனக்கு வயது ஒன்பது.