சாட்சிக் கிளை

விதைப் பண்ணையில் வேலை பார்த்த அக்கா தங்கையில் பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலைக்கூண்டுக்குள் போவாள், வருவாள், மறுபடி போவாள். உள்ளே நின்றது ஒரே ஒரு முட்டைக்கோஸ் செடி. அந்த ரகத்தில் மிஞ்சியது அதுதான், மற்றதெல்லாம் அழுகிப்போயிற்று. அதிலிருந்து கலப்பில்லாத விதை எடுத்தாக வேண்டும்.

கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பலவற்றுக்குத் திமிர் அதிகம். பூவைப் பார்த்தால் பரம சாது: குறுக்கும் நெடுக்குமாய் நாலு மஞ்சள் இதழ், நடுவில் நாலு நெட்டை, இரண்டு குட்டை என்று ஆறு மகரந்தத் தாள்கள். ஆனால் இந்தக் கோஸ், பூ விரிந்துவிட்டால் தன் மகரந்தத்தைத் தானே சீந்தாது. மொட்டாக இருக்கும்போது மட்டும் அந்த வீம்பு கிடையாது. அதனால் பெரியவள் மொட்டுகளை ஊசியால் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவி வந்தாள். ஒரு கிளையை மட்டும் தொடவில்லை. அது தானாகக் காய்க்காது. அதில் காய் புடைத்தால் வெளி மகரந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். சாட்சிக் கிளை என்பாள்.

வம்பு வந்தது கூடப்பிறந்தவள் ரூபத்தில். சின்னவளுக்கும் அங்கேதான் வேலை. கிடங்குக்குப் பின்னால் நூக்கல் வளர்த்தாள். இந்த முறை நூக்கல் விதை நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொன்னதை அக்காவிடம் சொல்ல ஓடிவந்தவள், வலைக்கதவின் ஜிப்பை இழுத்த இழுப்பில் அது பிய்ந்துகொண்டது. ஸ்டோரில் வேறு ஜிப் இல்லை. பெரியவள் துணி கிளிப்புகளை மாட்டி ஒப்பேற்றினாள். மறுநாள் உள்ளே ஒரு தேனீ ஹாயாக உலாத்திக்கொண்டிருந்தது.

நூக்கலும் கோஸும் பார்க்கத்தான் வேறு வேறு, ஒரே இனம். ஒன்றின் மகரந்தத்தை மற்றது சந்தோஷமாக ஏற்கும். அக்கம்பக்கத்தில் பூத்திருந்ததும் நூக்கல்தான். அந்தப் பூக்களை வெட்டிவிடு என்று பெரியவள் கேட்டாள். கேட்டாள் என்ன, அதட்டினாள்.

"உன் செடிதான் செடியா? என் பொழப்பே அதுலதான்க்கா இருக்கு," என்றாள் சின்னவள்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள். அம்மா நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள். பெரியவள் கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பூதக்கண்ணாடியும் கையுமாகச் சாட்சிக் கிளையையே மொய்த்தாள். தேனீகூட அப்படிச் சுற்றியிருக்காது.

மற்றக் கிளைகளில் காய்கள் திரண்டன. ஒன்றை உரித்தாள்: நடுவில் மெல்லிய திரை, இரு பக்கமும் விதைகள். சாட்சிக் கிளையில் பிஞ்சுகள் ஊசியாய் மெலிந்து மஞ்சளாயின. ஒன்றில்கூட விதை இல்லை. வெளி மகரந்தம் வரவில்லை என்ற நிம்மதியில் பெரியவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதில் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு, தங்கையிடம் ராசியாகிவிடலாம் என்று கிடங்குக்குப் பின்னால் போனாள்.

நூக்கல் பாத்தியில் பூவும் இல்லை, காயும் இல்லை. தண்டுகள் மொட்டையாக நின்றன. வெட்டிய இடம் காய்ந்து நாளாகியிருந்தது. சின்னவள் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"எப்ப வெட்டினே?"

"நீ கேட்ட அன்னிக்கே. நீ கோவமா போனதும் மனசு கேக்கல."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீதான் மூஞ்சியவே பாக்கலியே."

வேலை என்னவாயிற்று என்று கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். பெரியவள் கையிலிருந்ததை நீட்டினாள்.

சின்னவள் மண்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பிஞ்சை நகத்தால் கீறி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லக்கா," என்று சிரித்தாள்.