லூர்தெஷ் பொறுக்கிய மூன்றாவது வார்த்தை

1

இந்தக் கதை, போர்ச்சுகலின் செத்தூபல் சந்தையில் மத்தி வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. மீன்காரி லூர்தெஷே செதில் சுரண்டிக்கொண்டு சொன்னாள். 'அன்று கடல் அமைதியாக' என்று தொடங்கி... வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை.

2

லூர்தெஷுக்கு நாற்பத்தாறு வயது. கப்பல் பழுதுபார்க்க வந்த ஸ்காட்லாந்துக்காரன் ஃபெர்கஸ் முதலில் அவளிடம் மீன் வாங்கினான். பிறகு அவள் வீட்டிலேயே சாப்பிட்டான். (மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.) அவன் ஊர் திரும்பியதும் லூர்தெஷ் தன் தங்கை ஒதேத்தோடு இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள்.

போர்த்துக்கீசியத்தில் 'எஷ்பெரார்' என்ற ஒரே வினை போதும். காத்திருக்கலாம், நம்பியிருக்கலாம், எதிர்பார்க்கலாம். இங்கிலீஷ்காரர்களோ அதை வெயிட், ஹோப், எக்ஸ்பெக்ட் என்று கூறுபோட்டு வைத்திருந்தார்கள். இருப்பதிலேயே பகட்டானது மூன்றாவது என்று லூர்தெஷுக்குப் பட்டது. "ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்" என்று போனில் பேசிப் பதிந்து ஃபெர்கஸுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வியாபாரத்தைப் பார்த்தாள்.

இங்கிலீஷில் ஒரு பெண் அவ்வளவோடு நிறுத்தினால், அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று பொருள்.

3

(இங்கே ஃபெர்கஸ் போன் நம்பரை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவதாக எழுதிப் பார்த்தேன். அவன் அப்படிப்பட்ட ஆளில்லை. அடித்துவிட்டேன்.)

அதே வாரம் கடை முன்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. கையில் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு கம்பளித் தொப்பி. அவள் வயிற்றையே பார்த்தான். பக்கத்துக் கடை ஒதேத்துக்குத்தான் முதலில் விளங்கியது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தாள்.

"அக்கா, நீ மாசமா இருக்கேன்னு சொல்லிவச்சிருக்க."

லூர்தெஷுக்குக் காது மடல்வரை சுட்டது. குழந்தை எதுவும் இல்லை என்று அவனிடம் சொன்னாள். அவன் தன் அரைகுறை போர்த்துக்கீசியத்தில், விமானம் ஏறும்வரை பயந்ததாகவும், இறங்கும்போது சந்தோஷமாகிவிட்டதாகவும், இப்போது அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றும் சொன்னான்.

"குழந்தை இல்லன்னா... நான் திரும்பிப் போகவா?"

"முதல்ல தொப்பிய உள்ள வை. மீன் வாடை ஏறிடும்," என்றாள். அப்புறம் ஒரே ஒரு சொல்: "எஷ்பெரா."

4

மாட்டிக்கொண்டேன். தமிழில் இதை 'இரு' என்று எழுதினால் ஏதோ பேருந்துக்கு நிற்கச் சொன்னதுபோல் இருக்கிறது. 'நம்பு' என்றால் பிரசங்கம். 'எதிர்பார்' என்றால், நாற்பத்தாறு வயதில், வம்பு. எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று லூர்தெஷிடமே கேட்டேன். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், நகரு என்றாள்.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன்:

லூர்தெஷ் சொன்னாள்: "............"

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, ஃபெர்கஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.