துளியாகும் வரை

இந்திஸார் வாசலுக்கு வந்தபோது கொழுந்தன் ஸுஹைர் ரப்பர் குழாயைப் பிடித்து முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். காலையில் சுவரோரம் வரிசையாக நின்ற நாலு பாட்டில்களையும் காணோம்.

"இங்க இருந்த பாட்டிலெல்லாம் எங்கே?"

"அந்தக் கறுப்பு எண்ணெயா? ஜனங்க வர்ற நேரம் மதனி, பார்க்க அசிங்கமா இருந்துச்சு. குப்பை வண்டியில குடுத்துட்டேன்."

"அது அளவு, ஸுஹைர். கியர் பெட்டி உள்ளே இருந்து எவ்வளவு வந்துச்சோ அவ்வளவுதான் திரும்ப ஊத்தணும். அதுக்குத்தான் உன் அண்ணன் பாட்டில்ல பிடிச்சு வச்சாரு."

"இப்ப எண்ணெயைப் பத்திப் பேசற நேரமா மதனி?"

அதைப் பற்றிப் பேசுகிற நேரம்தான். காலை எட்டரைக்கு மவுத்தான மனுஷனை மூன்றரை மணிக்கு அஸர் தொழுகையோடு எடுத்தாக வேண்டும். எடுத்துப்போக வழிதான் இல்லை. மலைச்சரிவில் கட்டிய அஸ்ஸல்த் ஊரில் பாதி வீடுகளைப் போல இவர்கள் வீடும் தெருவுக்குக் கீழே இருந்தது. கேட்டிலிருந்து செங்குத்தாக ஒரு சரிவு இறங்கும். இறங்கின இடத்தில் ஒரு காரின் அகலத்துக்கு முற்றம். அதை ஒட்டி வாசல்படி. அவள் புருஷன் மம்தூஹ் நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முற்றத்தை ரசமட்டம் வைத்துத் தானே சமப்படுத்தினார். கியர் எண்ணெயின் மட்டம் பார்க்க வண்டி இம்மியும் சாயாமல் நிற்க வேண்டுமாம். அந்தச் சமதரையில், நாலு சக்கரத்துக்கும் கீழே பலகை அடுக்கி, எண்ணெயை இறக்கி வைத்திருந்த பழைய கொரியன் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். சரிவில் தள்ளி ஏற்ற ஆளால் ஆகாது. கயிறு கட்டி இழுக்கலாமென்றால் மேலே தெரு முழுக்க துக்கத்துக்கு வந்தவர்களின் கார்கள்.

உடலை வைத்த சந்தாக்குப் பெட்டியைக் காருக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று ஸுஹைர் யோசனை சொன்னான்.

"அவரு என்ன மாவு மூட்டையா?" என்றாள் இந்திஸார். "நேரா, தோள்ல போகணும். தினம் நடந்துபோன வழியில போகணும்."

"சரி, நானே எண்ணெய் ஊத்தி வண்டியை எடுத்துடறேன். அரைமணி வேலை. நீங்க உள்ளே போங்க."

ஸுஹைர் தரைக்கல் கடை வைத்திருப்பவன். எந்த வேலைக்கும் முதலில் சட்டைக் கையை மடித்துவிடுவான். முடித்துக் கொடுக்க வேறு யாராவது வர வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத்தான் மட்டம் பார்க்கணும் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டு உம்மு ஹாஸிம் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ப் பெண்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டாள். புருஷனை இழந்தவள் உட்கார்ந்துதான் இருக்க வேண்டுமாம், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். யார் பார்த்துக் கிழித்தார்கள்?

மம்தூஹைக் குளிப்பாட்டுகிறவர்கள் வெந்நீர் கேட்டார்கள். அதற்கு மட்டும் அவளை எழுந்திருக்க விட்டார்கள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. மட்டம் பார்க்கும்போது கியர் பெட்டியின் அடித்தட்டும் அதே சூட்டில்தான் இருக்க வேண்டும், அதற்கு மேலேயும் போகக்கூடாது கீழேயும் போகக்கூடாது என்று மம்தூஹ் சொல்வார். கார் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் காருக்கடியில் படுத்தால் இவள்தான் ஓட்டுநர் இருக்கையில். பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். ரிவர்ஸ், மூன்று எண்ணு. நியூட்ரல், மூன்று எண்ணு. ட்ரைவ், மூன்று எண்ணு. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அவர் "போதும், இறங்கு" என்கிறவரை காலை எடுக்கக் கூடாது. ஒருதடவை அடுப்பில் மக்லூபாச் சோறு கருகுகிற வாசனைக்கு எடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க வசவு வாங்கினாள். இந்தக் காரையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள்.

இன்று காலையிலும் கூப்பிட்டார். கையெல்லாம் மாவு, பத்து நிமிஷம் பொறுங்க என்றாள். அவர் காருக்கடியிலிருந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆறோ ஏழோதான். இவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள், மூச்சில்லை.

முற்றத்தில் எஞ்சின் கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. வண்டி நகரும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மணி இரண்டே முக்கால். கபன் துணி சுற்றி முடித்துவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்திஸார் எழுந்தாள். உம்மு ஹாஸிம் முக்காட்டுத் தலைப்பைப் பிடிக்கப் பார்த்தாள், பிடி கொடுக்கவில்லை.

"அணை," என்றாள் ஸுஹைரிடம். "கியர் பெட்டி காய்ஞ்சு போயிடும். அணை."

"நிரம்பிடுச்சு மதனி. அடி ஓட்டை வழியா வழிஞ்சப்புறம்தான் மூடினேன். கியர் பெட்டியே போச்சுன்னு நினைக்கிறேன்."

"எஞ்சினை அணைச்சு வச்சு ஊத்தினா வழியத்தான் செய்யும். ஓடினா உள்ளே இழுத்துக்கும். எந்திரி."

முற்றத்தில் பத்து ஆண்கள் நின்றார்கள். பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸுஹைர் இறங்கினான். அவனை அடியில் படுக்கச் சொன்னாள். ஜிப்பா அழுக்காகும் என்று தயங்கினான். அவள் பார்த்த பார்வையில் படுத்தான், காலையில் அண்ணன் படுத்திருந்த அதே அட்டையின் மேல். உம்மு ஹாஸிமின் புருஷன் பானட்டைத் திறந்து, புனலோடும் எண்ணெய் டின்னோடும் நின்றார். அவள் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்து எஞ்சினைப் போட்டாள்.

"அரை லிட்டர் ஊத்துங்க அண்ணே. மெதுவா."

ரிவர்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று. நியூட்ரல். ட்ரைவ். எண்ணிக்கை வாயில் தானாக வந்தது. இன்னும் அரை லிட்டர் ஊற்றச் சொன்னாள். மூன்றாவது சுற்றில் ரிவர்ஸ் போட்டதும் வண்டி லேசாகக் குலுங்கிப் பிடித்தது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் கையை இறக்கினார்கள்.

"அடித்தட்டுல உள்ளங்கையை வை. எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு," என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

"புள்ளையைக் குளிப்பாட்டற சூடா?"

"ஆமா மதனி, அதே சூடுதான்."

"அடி ஓட்டைத் திருகைக் கழட்டு."

சொட்டுக்கூட வரவில்லை என்றான். பெரியவர் நேரமாகிறது என்றார். பள்ளிவாசல் பக்கம் ஒலிபெருக்கியைத் தட்டிச் சரிபார்த்தார்கள். அவளுக்கும் நேரம் தெரியும். மறுபடி ஊற்றச் சொன்னாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"வருது, வருது. மூடவா?"

"நூலா வருதா, துளியா விழுதா?"

"நூலா."

"இரு. மிச்சம் வழிஞ்சு துளியாகட்டும்."

எஞ்சின் சீராக ஓடியது. கீழேயிருந்து ஸுஹைர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவனுக்கும் அழ நேரம் கிடைத்தது போலிருக்கிறது. காலையிலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினானே, அண்ணன் செத்துப்போன வீட்டில் அவனும் வேறென்னதான் செய்வான்.

"துளியாயிடுச்சு மதனி," என்றான். குரல் வேறாக இருந்தது.

"இப்ப மூடு. வெளிய வா."

ரிவர்ஸ் போட்டு, பலகையிலிருந்து வண்டியை ஒவ்வொரு சக்கரமாக இறக்கி, பின்பக்கமாகவே சரிவில் ஏற்றினாள். வண்டி முனகாமல் ஏறியது. தெருவில் யாரோ ஒதுக்கிக்கொடுத்த இடத்தில், சுவரை ஒட்டி நிறுத்தினாள். பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சந்தாக் சரிவில் ஏறி வந்தது. நேராக, தோளில். முன்பக்கம் வலது கைப்பக்கமாக ஸுஹைர். அவன் முதுகு முழுக்கப் புது எண்ணெயின் சிவப்புத் திட்டு. காரைத் தாண்டும்போது அவன் திரும்பவில்லை. கூட்டம் திருப்பத்தில் மறைந்தது. கலிமா ஓதுகிற சத்தம் சிறிது நேரம் கேட்டு, பிறகு அதுவும் அடங்கியது. மற்ற கார்களும் பின்னாலேயே போய்விட்டன.

அவள் கியரைப் பார்க்கில் போட்டாள். எஞ்சினை அணைத்தாள்.

உம்மு ஹாஸிம் மூச்சிரைக்கச் சரிவேறி வந்து கண்ணாடியைத் தட்டினாள். "போயிட்டாங்கம்மா. வா, உள்ளே போவோம்."

இந்திஸார் தலையை ஆட்டினாள். கதவைத் திறக்கக் கையைக் கொண்டுபோனாள். அவளுடைய வலது கால் மட்டும் பிரேக்கை அழுத்தினபடியே இருந்தது.