சாவி அசைந்த தூரம்

சித்தப்பாவின் நுரையீரலில் ஒரு புள்ளி. இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரேயிலும் அதே அளவில் இருந்தால் பயமில்லை. புதிதாக முளைத்ததென்றால் வெள்ளிக்கிழமை ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய படமோ ஒரேயடியாகக் கலங்கிக் கிடந்தது. எடுக்கும்போது மனிதர் சிரித்துத் தொலைத்திருக்கிறார்.

"ஏன் சித்தப்பா சிரிச்சீங்க?"

"அந்த ஆளு 'மூச்சு விடாதீங்க'ன்னான். வீட்ல உன் சித்தி தினம் சொல்றதாச்சே!"

சித்தி முறைத்தாள். டாக்டர் படத்தை ஓரமாகத் தள்ளினார். "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"நான் தெளிவாக்கித் தர்றேன் டாக்டர்."

சும்மா சொல்லவில்லை. நான் படிப்பதே அதுதான். எடுக்கும்போது நெஞ்சு எந்தப் பக்கம், எவ்வளவு அசைந்தது என்று தெரிந்தால் அந்த அசைவைக் கம்ப்யூட்டரில் கழித்துவிடலாம். தெரியாததால், வீட்டுக்கு வந்து குத்துமதிப்பாக ஒரு அளவைப் போட்டுப் பார்த்தேன். திரையில் நெஞ்செல்லாம் புள்ளி!

"என்னடி, எனக்கு அம்மை போட்டிருக்கா?"

"கொஞ்சம் சும்மா இருங்க சித்தப்பா!"

பின்னால் நின்ற சித்தி திரையில் விரல் வைத்தாள். "கழுத்துக்குக் கீழ இழுத்து விட்டாப்ல வெள்ளையா... கடைச் சாவிதானே? அன்னிக்கும் கழட்டலையா நீங்க?"

சித்தப்பா திருதிருவென விழித்தார். சட்டைக்குள் அதே கயிறு, அதே சாவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவியின் அசல் வடிவம் இதோ. படத்தில் அது இழுபட்ட விதம் அதோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தானே நெஞ்சு அசைந்த அசைவு!

"கழட்டுங்க."

"கடையை எப்படித் திறக்கறது?"

"திறக்கவே வேணாம்!"

சாவியை அளந்து, போட்டு, சொதப்பி, மறுபடி போட்டேன். விலா எலும்புகள் கோடு கோடாகத் தெளிந்தன. நடுவே, அதே இடத்தில், புள்ளி.

டாக்டர் மசியவில்லை. "நீ ஆசைப்பட்டதைக் கம்ப்யூட்டர் வரைஞ்சு குடுத்திருந்தா?"

நியாயமான கேள்வி. ஆத்திரம் வந்தது, ஆனாலும் நியாயம். "வேற ஆளுங்க படம் குடுங்க. புள்ளி இருக்கறது, இல்லாதது, எதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. இதே மாதிரி கலக்கி, இதே மாதிரி தெளிவாக்கறேன்."

கொடுத்தார். அவர் மேஜையிலேயே உட்கார்ந்து செய்தேன். புள்ளி இருந்த படத்தில் மட்டும் வந்தது. இல்லாத எதிலும் முளைக்கவில்லை.

பிறகுதான் நான் தெளிவாக்கிய சித்தப்பாவின் பழைய படத்தைத் திறந்து புள்ளியை அளந்தார். புதிய படத்திலும் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"வளரலை. ஊசி வேணாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்."

சித்தப்பா இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சித்திதான் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்ப விடுங்க மூச்சை."