காலி மாத்திரை அட்டைகள்

சுமையாவின் ஆராய்ச்சியில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே ஆள் பன்னிரண்டாம் எண்தான். மற்ற முப்பத்தொன்பது பேரும் எங்கேயாவது ஓரிடத்தில் கோட்டை விட்டிருந்தார்கள். ஒருவர் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் மாத்திரையை மறந்து வைத்துவிட்டு வந்தார். இன்னொருவர், "தூக்கமா வருது சிஸ்டர், ஷிப்டுல நிக்க முடியல" என்று பாதியில் நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் எண் மட்டும் மூன்று மாதமும் காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, சுமையா போன உடனே கையில் கொடுத்துவிடும்.

பன்னிரண்டாம் எண் என்பது வேலுத்தாய். மம்சாபுரத்துக்காரி, முப்பத்தாறு வயது. புருஷன் சிவபாண்டி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான், ஒரே மகள் ஆறாவது படிக்கிறாள். இரண்டு வருஷமாக மனச்சோர்வு நோய். ஆராய்ச்சித் தாளில் பெயர் எழுதக் கூடாது என்பதால் எண். தெருவில் உள்ளவர்களுக்கோ அவளுக்கு என்ன நோய் என்பதே தெரியாது. மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் வந்துபோகும் சுமையாவை வீட்டில் "பிரஷர் பாக்க வர்ற சிஸ்டரு" என்று சொல்லிச் சமாளித்து வைத்திருந்தார்கள்.

சுமையா மனநலச் செவிலியர் மேற்படிப்பில் கடைசி வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் வைத்தியம் பார்க்கும் நாற்பது பேரை வீடு தேடிப் போய், அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மூன்று மாதம் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வாயால் கேட்டால் எல்லாரும் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வார்கள், யாருக்குத்தான் சிஸ்டரிடம் திட்டு வாங்க ஆசை? அதனால் காலி அட்டைகளை எண்ணிவிடுவது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்காதா பின்னே, வகுப்பில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை ஆயிற்றே.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ராஜபாளையத்தில் கல்லூரி அறையில் அவளுடைய வழிகாட்டி சாம்சன் சார் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் மனநல வார்டில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"ஏம்மா, இந்தப் பன்னிரண்டாம் நம்பருக்கு முதல் மாசம் வாய் உலருது, நாக்கு மேலண்ணத்துல ஒட்டுதுன்னு எழுதியிருக்க. ரெண்டாம் மாசத்துலேருந்து எதுவுமே இல்லைன்னு இருக்கு. மருந்து ஏதும் மாத்தினாங்களா?"

"இல்ல சார், அதே மருந்துதான். அவங்களுக்கு நல்லா ஒத்துக்கிருச்சு."

"மத்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இருக்கு. இவங்களுக்கு மட்டும் எப்படி சுத்தமா நிக்கும்?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரைய முழுங்கினத நீ பார்த்தியா, வெறும் அட்டையத்தான் பார்த்தியா?"

சுமையா அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முதல் தடவை போனபோது வேலுத்தாய் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது, பேச்சுக்கு நடுவே நாலு தடவை எடுத்துக் குடித்தாள். அடுத்த தடவை சொம்பே இல்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பக்க விளைவு இல்லை என்று டிக் அடித்தவள் சுமையாதான். அப்படியானால் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த மாத்திரைகள் எல்லாம் எங்கே?

நேற்றுத்தான் கடைசி வருகை. ஆராய்ச்சியில் பங்கெடுத்த எல்லாருக்கும் கொடுத்தது போல வேலுத்தாய்க்கும் மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அப்போது வேலுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இப்போது வரி பிசகாமல் காதில் விழுந்தது.

"உங்க படிப்பு நல்லபடியா முடிஞ்சிருச்சா சிஸ்டர்?"

"முடிஞ்சிருச்சுக்கா. நீங்கதான் எனக்கு ஃபர்ஸ்ட் மார்க்."

"இனிமே வர மாட்டியளோ?"

"வர மாட்டேன்க்கா. இனி உங்களுக்குத் தொந்தரவே கிடையாது."

"சரி. இனி எனக்குக் கவலையில்ல."

இனிக் கவலையில்லையாம். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தாளே பாவி! எத்தனை வகுப்பில் படித்தாள், எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னாள், பல நாள் சோர்ந்து கிடந்தவர் திடீரென்று தெளிந்துவிட்டால் கூடுதலாகப் பயப்பட வேண்டும் என்று. படித்ததெல்லாம் பரீட்சைப் பேப்பரோடு போயிற்று. இத்தனைக்கும் ஒவ்வொரு வருகையிலும் அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்பதாவது, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது. அதை மூன்று மாதமும் அவள் எப்படிக் கேட்டாள்? குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டு, "அப்படியெல்லாம் ஒன்னும் தோணலையேக்கா?" என்று கேட்டாள். அந்த மாதிரி கேட்டால் யார்தான் தோணுது என்று சொல்வார்கள்?

வேலுத்தாய்க்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. சிவபாண்டிக்கு அடித்துப் பிரயோஜனமில்லை, மில்லில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"நான் டாக்டருக்குச் சொல்லிடறேன். மில் கேட்டுக்கும் ஆள் அனுப்பறேன்" என்று சாம்சன் சார் எழுந்தேவிட்டார். "அக்கம்பக்கத்துல யார் நம்பராவது இருக்கா?"

இருந்தது. வேலுத்தாய் வீட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் பாண்டிசெல்வியின் நம்பர். போன மாதம் அங்கே ஒரு சோடா குடித்துவிட்டு ஜிபே பண்ணியிருந்தாள். நோயாளியின் விஷயத்தை வெளியே விட மாட்டேன் என்று சுமையா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான். அதெல்லாம் உயிர் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"வேலுத்தாயா? வீட்டுலதான் கெடக்கா" என்றாள் பாண்டிசெல்வி. "காலைலேருந்து வீட்ட கழுவு கழுவுன்னு கழுவிட்டிருக்கா. மகள சோழபுரத்துக்கு அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டா. எங்கிட்ட வாங்கி நாலு மாசமா திருப்பித் தராத இட்லிச் சட்டிய இன்னைக்குப் பளபளன்னு தேய்ச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறா. என்ன ஞானம் வந்துச்சோ!"

சுமையா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். "அக்கா, நான் சொல்றத மட்டும் கேளுங்க. உடனே அவங்க வீட்டுக்குப் போங்க. ஏதாவது பேச்சுக் குடுங்க. நான் வர்ற வரைக்கும் தனியா விட்றாதீங்க."

"ஏன், பிரஷர் கூடிருச்சா?"

"ஆமாக்கா. ரொம்பக் கூடிருச்சு."

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஊரைத் தாண்டும் இடத்தில் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கிளீனர் சாவகாசமாக "வா, வா, வா" என்று தட்டிக்கொண்டிருந்தான். அவனைத் திட்டிய திட்டை அவளுடைய அம்மா கேட்டிருந்தால் வாயில் மிளகாய் வைத்துத் தேய்த்திருப்பாள். தோப்புகளுக்கு நடுவே போகும்போது வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள். யா அல்லா, செத்த நேரம் குடு. இன்னும் செத்த நேரம் மட்டும் குடு. பர்தா காற்றில் பறந்து முகத்தில் அடித்தது, தள்ளிவிடக் கையை எடுக்கப் பயமாக இருந்தது.

பாண்டிசெல்வி கதவுக்கு முன்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பழைய கிண்டல் இல்லை.

"உள்ளதான் இருக்கா சிஸ்டர். 'குளிச்சு முடிச்சிட்டேன், படுக்கப் போறேன், பொறவு வா'ங்கா. கதவத் திறக்க மாட்டேங்கா. ஏட்டி வேலு, சட்டி மூடிய எங்கட்டி வச்சன்னு கேட்டுக்கிட்டே நிக்கேன். இப்பச் செத்த நேரமா பதிலயே காணும்."

சுமையா கதவில் கையை வைத்தாள். என்ன சொன்னால் திறப்பாள்? பயந்து கத்தினால் உள்ளே இருக்கிறவள் அவசரப்பட்டுவிடுவாளோ? உடைக்கலாம் என்றால் கதவு நல்ல வேப்பமரக் கதவு. நேற்று அவள் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. உங்க படிப்பு முடிஞ்சிருச்சா?

"வேலுத்தாயக்கா" என்றாள். "நான் சுமையா. என் படிப்பு முடியலக்கா. கணக்கு தப்பாப் போச்சு. நீங்க கதவத் திறந்தாத்தான் ஆகும்."

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. பாண்டிசெல்வி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சுமையா மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினேழு எண்ணும்போது தாழ்ப்பாள் நகர்ந்தது.

வேலுத்தாய் தலைமுடியில் ஈரம் சொட்ட நின்றாள். பொங்கலுக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். பின்னால் மகளின் பள்ளிக்கூட உடுப்புகள் தேய்த்து மடித்து அடுக்கி வைத்திருந்தன. அதன் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், நேற்று சுமையா கொடுத்த எவர்சில்வர் டப்பா. மூடி திறந்திருந்தது. டப்பா நிறைய மாத்திரை.

"எந்தக் கணக்கு தப்பாப் போச்சு?" என்று கேட்டாள் வேலுத்தாய். "நான் ஒழுங்காத்தான அட்டை குடுத்தேன்."

சுமையா உள்ளே போய் முதலில் டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். பிறகு அவளைத் தரையில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தாள். இந்தத் தடவை கையில் தாள் இல்லை.

"அக்கா, இதுல எதையும் முழுங்கிட்டீங்களா?"

"இல்ல."

"வேற ஏதாவது?"

"இல்ல. கழுவித் துடைச்சிட்டுப் பொறவுன்னு இருந்தேன்."

"சாகணும்னு நினைக்கிறீங்களாக்கா?"

வேலுத்தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் யாரும் அவளிடம் அதை நேராகக் கேட்டதில்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது.

"ஆமா" என்றாள். "ரெண்டு மாசமா. அப்பமே செஞ்சிருப்பேன். நீ வெயில்ல அம்புட்டுத் தூரம் வண்டிய ஓட்டிட்டு வருத. நடுவுல நான் போயிட்டா உன் படிப்பு கெட்டுப்போகும்லா? அதான் நீ முடிக்கட்டும்னு இருந்தேன். நேத்து முடிஞ்சிருச்சுன்ன."

சுமையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நோயாளி முன்னால் அழக் கூடாது என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அழுதாள். தான் ஆராய்ச்சி செய்து வேலுத்தாயைப் பார்த்துக்கொள்வதாகச் சுமையா நினைத்துக்கொண்டிருக்க, வேலுத்தாயல்லவா இவளுடைய ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு நாளையும் இழுத்துப் பிடித்து ஓட்டியிருக்கிறாள்.

"எல்லாம் தப்புக்கா. நாப்பது பேர்கிட்டயும் நான் வெறும் அட்டையத்தான் எண்ணினேன். இது ஒன்னுக்கும் ஆகாது. திரும்ப முதல்லேருந்து செய்யணும்."

"அப்ப இந்த வருசம் பாஸாக மாட்டியா?"

"மாட்டேன்."

"என்னாலயா?"

"என்னாலக்கா. நான் உங்களச் சரியாப் பாக்கல."

வேலுத்தாய் அவள் கன்னத்தைத் தன் ஈர முந்தானையால் துடைத்துவிட்டாள். "அப்ப மறுபடி வருவ."

"வருவேன். ஆனா இப்ப நீங்க என்கூட டாக்டர்கிட்ட வரணும். உங்களத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

வேலுத்தாய் தலையை ஆட்டினாள். அதற்குள் பாண்டிசெல்வி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சிவபாண்டி நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறான் என்று சாம்சன் சார் போனில் சொன்னார். டாக்டரும் தயாராக இருந்தார்.

ஆட்டோ கிளம்பியதும் இனிப் பயமில்லை என்று சுமையா மூச்சை விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. இருபத்தேழாம் எண், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஐந்தாம் எண், தொண்ணூற்றாறு. அவர்களிடமும் காலி அட்டையைத்தான் எண்ணினாள். அவர்களுக்கும் டப்பா கொடுத்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பையிலிருந்த நோட்டில் நம்பரைப் பார்த்துப் போனில் அமுக்கினாள். விரல் நடுங்கி வேறு எதையோ அமுக்கியது. மறுபடியும் அமுக்கினாள், மறுபடியும் தவறியது.

"யாருக்கு அடிக்க?" என்றாள் வேலுத்தாய்.

"இன்னும் முப்பத்தொம்பது பேர் இருக்காங்கக்கா."

வேலுத்தாய் அவள் கையைப் பார்த்தாள். பிறகு போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நம்பரச் சொல்லு சிஸ்டர்" என்றாள். "நான் அமுக்குதேன்."